வரியின் நியாயத்தை எதைக் கொண்டு அளப்பது: வருமானமா, வாழ்க்கைத் திருப்தியா, வசதிப் பட்டியலா?

கேரள அரசு 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் (குறிப்பிட்ட ஒரு செலவுக்கான கூடுதல் வரி) விதித்தது. சமூக நல ஓய்வூதியத்துக்குப் பணம் திரட்டுவதே அதன் நோக்கம். அப்போது அந்த ஓய்வூதியம் மாதம் 1,600 ரூபாய். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குமுளியில் ஆட்டோ ஓட்டுபவர் கொடுக்கும் அந்த 2 ரூபாய், வண்டிப்பெரியாற்றில் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கும் ஒரு மூதாட்டியின் கைக்குப் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது நியாயமா? எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம், கம்பத்தில் இருந்துகொண்டு ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலையேறிக் குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் போய்வருகிறேன். எல்லையின் இருபுறமும் இந்தக் கேள்வி என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பதில் சொல்பவர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: அவர்கள் வரியைப் பற்றிச் சண்டையிடவில்லை, ஆளுக்கொரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பொருளை அளக்கிறார்கள்.

அளவுகோல்கள் முக்கியமாக மூன்று. யாருக்கு எவ்வளவு வருமானம் என்று பார்ப்பது ஒன்று. தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி அடைந்திருக்கிறார்கள் என்று மக்களிடமே கேட்டு, வரியும் உதவித்தொகையும் அந்த எண்ணை எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பது இரண்டாவது. வீடு, சோறு, மருந்து, படிப்பு என்று ஒரு மனிதருக்கு இருந்தாக வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, எது இல்லை என்று பார்ப்பது மூன்றாவது. "இந்த வரி நியாயமா?" என்று மக்களையே நேரடியாகக் கேட்டு வாக்கெடுப்பதை நான்காவதாகச் சிலர் சொல்வதுண்டு. தன் தலையில் விழும் வரியை அதிகம் என்றும் அடுத்தவர் தலையில் விழுவதைக் குறைவு என்றும் சொல்வது மனித இயல்பு என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

வருமானம் என்ற அளவுகோலின் பலம், அதை எண்ண முடியும் என்பது. 2025-26 நிதியாண்டில், புதிய வரிமுறையில், ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்று ஒரு கோடு கிழிக்க முடிந்தது அதனால்தான். ஆனால் எண்ணப்படும் வருமானம் மட்டுமே அந்தக் கோட்டுக்குள் வரும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அதன் மீது வரி போடும் அதிகாரம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தேயிலை விளைவித்துப் பதப்படுத்தும் வருமானத்தில் 40 சதவீதத்தை மத்திய அரசு வரிக்கு எடுத்துக்கொள்கிறது. ஏலக்காயை விளைவித்து, ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் உலர்த்தி விற்பவரின் வருமானம் முழுவதும் விவசாய வருமானமே. ஆகவே இருபது ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருப்பவரும் அவருக்குக் கணக்கு எழுதும் நானும் ஒரே தொகை சம்பாதித்தாலும், வருமான வரித் துறையின் ஏட்டில் நாங்கள் இருவரும் ஒன்றல்ல.

இந்தக் குறையைச் சட்டம் திருத்தித் தீர்த்துவிடலாம். சட்டத்தால் தீராத குறை வேறொன்று: ஒரு ரூபாய் எவர் கையில் எவ்வளவு கனம் என்பதை வருமானம் சொல்லாது. மாதம் 12,000 ரூபாய் வாங்குபவரிடமிருந்து 100 ரூபாய் எடுப்பதும் 1,20,000 வாங்குபவரிடமிருந்து 100 ரூபாய் எடுப்பதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை மடங்கு வேறு? அந்த "எத்தனை" இல்லாமல் வரிவிகிதம் போட முடியாது. வாழ்க்கைத் திருப்தி என்ற அளவுகோல் உள்ளே வருவது இந்த இடத்தில்.

அதன் கேள்வி எளிமையானது. அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965இல் முன்வைத்த ஏணிக் கேள்வி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக மோசமான வாழ்க்கை பூஜ்யம், மிக நல்ல வாழ்க்கை பத்து என்றால், நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? நாடு நாடாகக் கேட்டுத் திரட்டிய பதில்களை வருமானத்தோடு பொருத்திப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. வருமானம் 10,000த்திலிருந்து 20,000 ஆனால் எத்தனை படி ஏறுகிறதோ, 50,000 ஒரு லட்சம் ஆகும்போதும் ஏறக்குறைய அத்தனை படியே ஏறுகிறது. அதாவது, கூடும் தொகை அல்ல, எத்தனை மடங்கு கூடுகிறது என்பதே மனதில் பதிகிறது. இதன்படி, பத்து மடங்கு வருமானம் உள்ளவர் கையில் இருக்கும் ஒரு ரூபாயின் கனம் பத்தில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துச் செய்த கணிப்பு இதைவிடச் செங்குத்தானது: வருமானம் கூடக் கூட ரூபாயின் கனம் இன்னும் வேகமாகக் குறைகிறது. பிரிட்டனின் நிதித் துறை அரசுத் திட்டங்களை மதிப்பிடும் தன் கையேட்டில் அந்த வழியிலேயே 1.3 என்ற அடுக்கைப் பயன்படுத்துகிறது. கனம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண் அது; முதலில் சொன்ன கணக்கில் அது 1. அந்த அடுக்கில் கணக்கிட்டால், பத்து மடங்கு வருமானக்காரரின் ரூபாயைவிட ஏழையின் ரூபாய் ஏறக்குறைய 20 மடங்கு கனம்.

இந்த எண் கையில் கிடைத்தால் வரிவிகிதம் தானாக வந்து விழும் என்று நினைக்கக் கூடாது. வரி கட்டும் எல்லோரும் சமமான தியாகம் செய்ய வேண்டும் என்ற கொள்கையை ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் எழுதினார். ரூபாயின் கனம் வருமானத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்ற முதல் கணக்கோடு அதைச் சேர்த்தால் கிடைப்பது ஏறுமுக வரியல்ல. எல்லோரிடமும் ஒரே சதவீதம் எடுக்கும் வரி. 1.3 அடுக்கோடு சேர்த்தால்தான் மேலே போகப் போக சதவீதம் ஏறுகிறது. எல்லோருடைய இழப்பையும் கூட்டினால் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று 1897இல் பொருளியலாளர் எட்ஜ்வொர்த் காட்டிய வழியில் போனால், மேலிருந்து வெட்டிக்கொண்டே வந்து எல்லோரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதில் போய் முடியும். அப்படி வெட்டினால் உழைக்கும் ஊக்கம் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கு கழித்துக்கொள்வதில்லை. ஒரே தரவு, மூன்று விதமான வரிகள். திருப்தி எண் நியாயத்தைச் சொல்வதில்லை, நியாயத்தைப் பற்றி நாம் முன்பே எடுத்த முடிவுக்கு எண்ணிக்கையை மட்டுமே தருகிறது.

இருந்தாலும் அந்த எண்ணிக்கை சில வரிகளை எந்தக் கொள்கையாலும் காப்பாற்ற முடியாதபடி மாட்டிவிடுகிறது. மேலே சொன்னவற்றில் பணக்காரருக்கு மிகவும் இணக்கமானது ஒரே சதவீதம் என்ற முடிவு. ஜிஎஸ்டி அந்த அளவைக்கூட எட்டவில்லை. 12,000 ரூபாயில் முழுவதையும் செலவழிக்கும் ஒரு குடும்பத்தையும் 1,20,000 ரூபாயில் பாதியை மிச்சம் பிடிக்கும் ஒரு குடும்பத்தையும் எடுத்துக்கொள்வோம். செலவில் சராசரியாக 8 சதவீதம் வரியாகப் போகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், முதல் குடும்பம் தன் வருமானத்தில் 8 சதவீதமும் இரண்டாவது 4 சதவீதமும் கட்டுகின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது என்பதால், எல்லோரும் அன்றாடம் வாங்கும் பொருள்களில் இந்த இடைவெளி ஓரளவு சுருங்கியிருக்கிறது. சுருங்கியிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் நான் திருப்தி எண்ணின் பக்கம் சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். அந்த ஏணியை நானே ஒருமுறை இறக்கிப் பார்த்தேன். கம்பத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். தூக்குவாளியும், மழை வந்தால் போர்த்திக்கொள்ள மடித்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் காத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்காவிடம், பத்துப் படி ஏணியில் உங்களுக்கு எந்தப் படி என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எட்டுன்னு போட்டுக்க தம்பி. புள்ளைக ரெண்டும் படிச்சு மேல வந்துருச்சு. கைகாலு நல்லாருக்கு. குறைன்னு என்னத்தச் சொல்ல?"

அதே வாரம் மேலே ஒரு தோட்டத்து முதலாளியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். விலை நிற்கவில்லை, மழை காலம் தவறிப் பெய்கிறது, வெளிநாட்டில் இருக்கும் மகன் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று சொல்லிவிட்டு ஐந்து என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. ஆனால் படியில் கீழே நிற்பவருக்கு மேலே நிற்பவர் கொடுக்க வேண்டும் என்று விதி செய்தால், கூலிக்குக் காய் எடுப்பவரிடம் வசூலித்துத் தோட்டக்காரருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

நம் மொழிக்குள்ளும் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் திருப்தியா என்று கேட்பது, கிட்டத்தட்ட நீங்கள் நல்ல மனிதரா என்று கேட்பதுபோல. குறையில்லை என்பது அவர்களுக்கு ஒரு தகவல் அல்ல, ஒரு மரியாதை. வேற்று ஆளிடம் வீட்டுக் குறையைச் சொல்வது கௌரவக் குறைவு என்று நினைக்கும் தலைமுறை இன்னும் இருக்கிறது.

பொருளியலாளர் அமர்த்தியா சென் 2002இல் சுட்டிக்காட்டிய உண்மை இந்த இடத்துக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவில் மக்கள் மிக நீண்ட காலம் வாழும் மாநிலமான கேரளத்தில்தான் தமக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு. படிப்பும் மருத்துவமனையும் இருக்கும் இடத்தில் நோயை நோய் என்று அறிகிறார்கள். இல்லாத இடத்தில் வலியோடு வாழப் பழகிவிடுகிறார்கள். சொன்ன எண்ணை மட்டும் நம்பி மருத்துவ நிதியைப் பிரித்தால், ஏற்கெனவே மருத்துவமனை உள்ள இடத்துக்கே மறுபடியும் போகும்.

எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதும் வரிவிகிதத்தை மாற்றிவிடும். உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் அமெரிக்கர்களின் பதில்களை ஆராய்ந்தபோது, வாழ்க்கையை மொத்தமாக மதிப்பிடும் ஏணி எண் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போயிற்று. நேற்று எப்படி இருந்தீர்கள் என்ற அன்றாட மனநிலையோ ஆண்டுக்கு 75,000 டாலர் அளவில் ஏறாமல் நின்றது. பின்னர் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து கானமன் 2023இல் வெளியிட்ட ஆய்வு, அப்படி நிற்பது மிகவும் துயரத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே என்று திருத்தியது. இடைப்பட்ட பதிமூன்று ஆண்டுகளில் எந்த அரசாவது முதல் முடிவை நம்பி, அந்த வரம்புக்கு மேல் எடுத்தால் எவருக்கும் வலிக்காது என்று சட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் எண்ணுக்காகப் பணம் கைமாறும் என்று தெரிந்தவுடன் மக்கள் உண்மையான எண்ணைச் சொல்வதும் நின்றுவிடும். மூன்று என்று சொன்னால் உதவித்தொகை வரும் என்றால் மூன்று என்றே சொல்வார்கள். அது அவர்கள் குற்றம் அல்ல.

ஒப்பீட்டு மனம் இன்னொரு சிக்கல். பக்கத்து வீட்டுக்காரர் வளர்ந்தால் நம் எண் இறங்குகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்த உண்மை. மேலே இருப்பவருக்கு வரி போட்டால் கீழே இருப்பவர்களின் எண் ஏறும் என்று இதிலிருந்து வாதிடலாம். பொறாமை தணிவதை நியாயத்தின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதோடு, ஜீப்பில் ஏறும் அந்த அக்கா தன்னை ஒப்பிடுவது தோட்டக்காரரோடு அல்ல, தன் தெருவிலிருந்து திருப்பூருக்குப் போய் வீடு கட்டியவர்களோடு.

மூன்றாவது அளவுகோலான பட்டியலை இரண்டு மாநிலங்களும் வேறு வேறு விதமாகப் பயன்படுத்துகின்றன. கேரளத்தில் ரேஷன் அட்டைக்கு மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நிறம் உண்டு. 1,000 சதுர அடிக்கு மேல் வீடோ சொந்த உபயோகத்துக்குக் காரோ இருந்தால் முன்னுரிமை நிறங்களான மஞ்சளும் பிங்கும் கிடைக்காது. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எவருக்கும் 2011 முதல் விலையில்லா அரிசி. ஆனால் 2023 செப்டம்பரில் தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் வந்துவிட்டன. இவை எல்லாம் கண்ணால் பார்த்து, மீட்டரில் படித்துச் சரிபார்க்கக்கூடியவை. போதுமென்ற மனத்தாலும் சலிப்பாலும் மாறாதவை. அந்த அக்கா எட்டு என்றும் கைகால் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாலும், முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்க்கவில்லை என்பது பட்டியலில் தெரிந்துவிடும்.

ஆனால் பட்டியலுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. மகன் வளைகுடாவிலிருந்து கட்டிய 1,400 சதுர அடி வீட்டில், அவன் பணம் அனுப்புவது நின்றபின் தனியாக இருக்கும் தாயின் கையில் இருப்பது வெள்ளை அட்டை. கல்வியிலும் ஆயுளிலும் நாட்டுக்கே முன்னே நிற்கும் கேரளத்தில் 2022இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 28.5, நாட்டின் சராசரி 12.4. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் தெரியும், கேட்காமல் தெரியாது. திருப்திக் கேள்வியைத் தூக்கி எறிய நான் தயங்குவது இதனால்தான்.

என் முடிவைச் சொல்கிறேன். திருப்தி எண்ணை ஆட்களைத் தரவரிசைப்படுத்தப் பயன்படுத்தக் கூடாது. ரூபாயின் கனத்தை நிறுக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். எட்டு என்பவரும் ஐந்து என்பவரும் வேறு வேறு ஏணியில் நிற்கலாம். ஆனால் ஒரே மனிதரின் ஏணியில் பணம் வந்தபோதும் போனபோதும் படி எவ்வளவு நகர்ந்தது என்பதில், அவர் வளர்ந்த விதமும் அவருடைய மரியாதையும் பெருமளவு கழிந்துவிடுகின்றன. யாருக்குக் கொடுப்பது என்பதைப் பட்டியல் தீர்மானிக்கட்டும். யாரிடமிருந்து, எந்த வழியில் எடுப்பது என்பதற்கு ரூபாயின் கனம் உதவட்டும்.

தொடக்கத்தில் சொன்ன செஸ்ஸை இப்படி நிறுத்துப் பார்க்கலாம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆட்டோக்காரர் நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மாதம் 25 நாள் டீசல் போட்டால் அவர் கொடுக்கும் செஸ் 200 ரூபாய். எட்டு ஆட்டோக்காரர்கள் சேர்ந்தால் ஒரு மூதாட்டியின் 1,600 ரூபாய். அவருக்கு வேறு வழியில் 1,600 ரூபாய் கிடைக்கிறது என்றால் வருமானம் இரட்டிப்பாகிறது. அந்த ஏற்றத்துக்கு 100 என்று மதிப்பு கொடுப்போம். மாதம் 15,000 ரூபாய் கையில் நிற்கும் எட்டு ஆட்டோக்காரர்களின் இழப்பு அதே அளவில், ரூபாயின் கனம் வருமானத்துக்கு நேர்மாறாகக் குறையும் எளிய கணக்கில், மொத்தம் ஏறக்குறைய 15½. பொருளாதாரம் வளரும்போது ஏறுவதைப்போல் சுருங்கும்போது திருப்தி இரண்டு மடங்கு வேகமாக இறங்குகிறது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதை இங்கும் பொருத்தி இழப்பை இரட்டித்தாலும் 31. ஆகவே எடுத்துக் கொடுத்தது, எடுக்காமல் விட்டதைவிட நல்லது.

ஆனால் மாதம் ஒரு லட்சம் ரூபாய் வருமானத்தோடு 40 லிட்டர் பெட்ரோல் போடும் கார்க்காரர் கொடுப்பது 80 ரூபாய் மட்டும். அதே 1,600 ரூபாயை அப்படிப்பட்ட இருபது பேரிடமிருந்து மட்டும் எடுத்திருந்தால் மொத்த இழப்பு 2.3. ஆட்டோவுக்கோ 2022 மே முதல் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் என்று அரசே நிர்ணயித்திருக்கிறது. இரண்டு ரூபாயைப் பயணியின் தலையில் ஏற்றவும் அவரால் முடியாது. கொடுக்கும் இடம் சரி, எடுக்கும் வழி தவறு என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வருமானத்தால் மட்டுமோ பட்டியலால் மட்டுமோ முடியாது.

இந்த நிறுவையில் அகப்படாத ஓர் அநியாயமும் உண்டு. குமுளி ஆட்டோக்காரர் மலை இறங்கி லோயர்கேம்பில், தமிழ்நாட்டு விலையில் டீசல் போட்டுக்கொள்வார்; கட்டப்பனைக்காரர் அதற்காக அவ்வளவு தூரம் வரமாட்டார். ஒரே தொழில், ஒரே வருமானம், வெவ்வேறு வரி. சமமானவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி, மக்களின் திருப்தி எப்படி இருந்தாலும் தனியாக நிற்க வேண்டியது.

பெறும் பக்கத்திலும் கணக்கு அவ்வளவு நேராக இல்லை. 2023-24இல் கேரளத்தில் அந்த ஓய்வூதியம் பல மாதம் நிலுவையில் நின்றது. வரும் என்று எதிர்பார்த்த பணம் வராமல் போவது இழப்பின் பக்கம் எழுதப்பட வேண்டியது. அப்படி எழுதினால் நான் போட்ட 100 வெகுவாகக் குறையும். எவ்வளவு என்பதை ஒரே ஒருமுறை கேட்கும் ஏணிக் கேள்வியால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் லயத்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம் எந்தப் படி என்று கேட்காமல், பணம் வந்த மாதத்துக்கும் வராத மாதத்துக்கும் என்ன வித்தியாசம் பாட்டி என்று கேட்டேன்.

"வந்த மாசம் பிரஷர் மாத்திரை தெனமும் போடுவேன்யா. வராத மாசம் ஒரு நா விட்டு ஒரு நா."